பிணத்தருகே பேரம்!

உழைத்தவன் உடல் சவக்கிடங்கிலே கிடக்கிறது. அறுத்துத் தைத்து வீட்டாரிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை. அதற்குள் காண்டிராக்டரின் ஆள் வந்துவிடுகிறார். ஒரு கையில் கவர். மறு கையில் வெள்ளைத்தாள். "போன உயிர் திரும்பியா வரப்போகிறது? கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்தால் உனக்குத்தான் கஷ்டம். காரியத்துக்கு ஆகும், இதை வாங்கிக்கொள். இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்கிறார். கணவனை இழந்தவளுக்கு எழுத்தா தெரிகிறது? கண்ணீர்தான் தெரிகிறது. போட்டுக் கொடுத்துவிடுகிறாள்.

மயிலாப்பூரில் மாடி கட்டும்போது சாரம் சரிந்து விழுந்தவன் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அடையாற்றில் கழிவுநீர்க் குழியில் மூச்சு முட்டியவன் வீட்டிலும் இதுதான். தியாகராய நகரில் சரக்கு இறக்கும்போது லாரிச் சக்கரத்தில் சிக்கியவன் வீட்டிலும் இதுதான். சாவு பலவிதம், பேரம் ஒரே விதம்!

இந்தப் பேரம் எந்தத் தைரியத்தில் நடக்கிறது? ஏழை வீட்டாருக்குச் சட்டம் தெரியாது என்ற தைரியத்தில் நடக்கிறது. ஆகவே சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை இன்று நாம் சொல்லப் போகிறோம். இதைப் படிக்கும் தோழர்கள், படிக்கத் தெரியாத தோழர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

உதவி வேறு, உரிமை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு தொழிலாளி இறந்ததும் மந்திரி வந்து மாலை போடுகிறார். சர்க்கார் நிவாரணம் அறிவிக்கிறது. முதலாளியும் ஏதோ கொடுக்கிறார். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் 'நஷ்டஈடு கிடைத்துவிட்டது' என்று நினைக்கிறார்கள்.

கிடைத்தது உதவி. நஷ்டஈடு என்பது வேறு. உதவி, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இந்த ஆட்சி கூட்டலாம், அடுத்த ஆட்சி குறைக்கலாம். நஷ்டஈடு சட்டத்தைப் பொறுத்தது. அதற்குக் கணக்கு உண்டு, வட்டி உண்டு, வாங்கித் தர மன்றம் உண்டு. உதவியை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. அதை வாங்கியதோடு உரிமையை விட்டுவிடுவதுதான் தவறு.

இந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. 1808-ல் இங்கிலாந்தில், வண்டி கவிழ்ந்து மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் வழக்குப் போட்டார். 'ஒரு மனிதர் இறந்துபோனார் என்பதற்காக சிவில் கோர்ட்டில் நஷ்டம் கேட்க முடியாது' என்று தீர்ப்பாயிற்று. கால் முறிந்தால் பணம் உண்டு, உயிரே போனால் ஒன்றுமில்லை! ரயில் வண்டிகள் ஓடத் தொடங்கிச் சாவுகள் பெருகிய பிறகுதான், 1846-ல் அந்த அநியாயத்தை அங்கே சட்டம் போட்டு மாற்றினார்கள். இந்தியாவுக்கு 1855-ல் அதே மாதிரிச் சட்டம் வந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் முதலாளியின் தவறைத் தொழிலாளி குடும்பமே நிரூபிக்க வேண்டும். யாரால் முடியும்? 1918-ல் சென்னையில் தொழிற்சங்கம் பிறந்தது. ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1921-ல் பெரம்பூரில் துப்பாக்கி வெடித்தது. இப்படி நாடெங்கும் பாட்டாளிகள் விழித்தெழுந்த காலத்தில்தான், 1923 மார்ச்சில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு மே முதல் நாள், நம் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். அந்தக் கடற்கரையில்தான் இன்று உழைப்பாளர் சிலை நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரில் ஒருவன் பாறைக்கு அடியில் சிக்கினால் அவன் வீட்டுக்கு என்ன? அதற்குப் பதில் சொன்னது 1923-ம் ஆண்டுச் சட்டம்.

கவரில் வரும் பணம் செல்லாது!

அந்தச் சட்டம் ஒரு நூற்றாண்டு நின்றது. 2025 நவம்பர் 21 முதல், மத்திய சர்க்கார் அதைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்பதற்குள் கரைத்துவிட்டது. பெயர் மாறினாலும் முக்கியமான விதிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் நான்கை மட்டும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால், முதலாளி தவறு செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. கொடுத்தே தீரவேண்டும்.

இரண்டு: "அவன் குடித்திருந்தான்", "ஹெல்மெட் போடச் சொன்னோம், போடவில்லை" என்று சொல்வார்கள். காயம்பட்ட வழக்கில் சில சமயம் இந்த வாதம் எடுபடும். இறந்த வழக்கில் எடுபடாது. செத்தவன் மேல் பழி போட்டுத் தப்பிக்கும் வழியைச் சட்டமே அடைத்துவிட்டது.

மூன்று: "அவன் என் ஆள் இல்லை, காண்டிராக்டர் ஆள்" என்பார் பெரிய கம்பெனிக்காரர். தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்டிராக்டில் விட்டவர், அந்தத் தொழிலாளிக்கும் பொறுப்பாளியே. பணத்தை முதலில் அவர் கட்டட்டும். பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்!

நான்கு, எல்லாவற்றிலும் பெரியது: சாவுக்கான நஷ்டஈட்டை முதலாளி நேராகக் குடும்பத்தின் கையில் கொடுக்கக் கூடாது. அதற்கென்று சர்க்கார் நியமித்த அதிகாரியிடம் கட்ட வேண்டும். குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று அவர்தான் பிரித்துத் தருவார். அப்படிக் கட்டாமல் கவரில் வைத்துக் கொடுத்த பணம், சட்டத்தின் கண்ணில் நஷ்டஈடே அல்ல. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது.

கேட்டீர்களா தோழர்களே? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை. காலக்கெடு தாண்டவில்லை என்றால் அவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. சாவு நடந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98; 40 வயதுக்கு 184.17. முப்பது வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு காண்டிராக்டரின் கவரைப் பாருங்கள். அதன் கனம் புரியும்! பணம் கட்டத் தாமதித்தால் வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் அபராதமும் உண்டு.

இதிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் இந்தக் கணக்குக்கு வைத்த உச்சவரம்பு, மாதம் 15,000 ரூபாய். கொத்தனார் 25,000 சம்பாதித்திருந்தாலும் கணக்கில் வருவது 15,000 மட்டுமே. அரிசி விலைக்கு உச்சவரம்பு இல்லை, வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. பாட்டாளியின் உயிருக்கு மட்டும் உச்சவரம்பா?

தியாகராய நகர்க் கடைகளில் வேலை செய்யும் தோழர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வழி வேறு. வேலை விபத்தில் இறந்தால் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷனாக வரும். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

குழிக்குள் போன உயிர்

2019 நவம்பரில் ராயப்பேட்டையில், பளிங்குத் தரை பளபளக்கும் ஒரு பெரிய வணிக வளாகத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கிக் கிடந்த உடன்பிறந்தவரை மீட்க இறங்கிய 25 வயது இளைஞர் உயிரிழந்தார். மேலே குளிர்சாதனம், கீழே விஷவாயு! மனிதனை மலக்குழிக்குள் இறக்குவது குற்றம் என்று 2013-லேயே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. செய்த பின்னும் இறக்குகிறார்கள். 1993-க்குப் பிறகு கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்கள் பற்றி மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில், தமிழ்நாடுதான் முதலிடம். வெட்கக்கேடான முதலிடம்!

இந்தச் சாவுகளுக்குத் தனி நஷ்டஈடு வாங்கித் தந்தது தொழிலாளர் இயக்கமே. சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2014 மார்ச் 27 அன்று, தமிழரான தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையில் தீர்ப்பு வந்தது: 1993 முதல் குழிக்குள் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம். 2023 அக்டோபர் 20 அன்று அதே கோர்ட்டு அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆகவே குழிக்குள் ஒருவர் இறந்தால், காண்டிராக்டர் சொல்லும் தொகையை யாரும் காதில் வாங்க வேண்டாம். 30 லட்சம் என்பது நாட்டின் தலைமைக் கோர்ட்டு வைத்த கணக்கு. வாரியம் ஆனாலும் வணிக வளாகம் ஆனாலும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் வழியில்

கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைக்கப்பட்டவர்கள் யார்? கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்துப் போடப்பட்ட நம் மக்கள். விடியுமுன் எழுந்து நகரத்துக்குள் வந்து, தெருவைக் கூட்டி, பாத்திரம் தேய்த்து, இருட்டிய பின் திரும்புகிறவர்கள். 2025 ஆகஸ்டு 23 அதிகாலையில், கண்ணகி நகரில் வேலைக்குக் கிளம்பிய ஒரு தூய்மைப் பணிப் பெண், தேங்கிக் கிடந்த மழைநீரில் கால் வைத்தார். அதில் மின்சாரம் பாய்ந்திருந்தது. 30 வயதில் உயிர் போயிற்று. 20 லட்சம் ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது.

மக்கள் கொதித்ததால் அந்த உதவி உடனே வந்தது. நாலு பேர் கூடாத தெருவில், பத்திரிகை வராத நாளில் இதே சாவு நடந்தால்? அப்போது கைகொடுப்பது சட்டம் ஒன்றே. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மின்சாரத்தை ஊருக்குள் கொண்டுவருகிற நிறுவனம், அதனால் நேரும் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும், 'எங்கள் கவனக்குறைவு இல்லை' என்று சொல்லித் தப்ப முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே சொல்லியிருக்கிறது.

"வேலைக்கு வரும் வழியில் செத்தால் நாங்கள் என்ன செய்வோம்?" என்று கேட்கும் முதலாளிகளுக்கும் பதில் வந்துவிட்டது. மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-ல் வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். கீழே கொடுத்த நஷ்டஈட்டை அங்குள்ள ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. குடும்பம் விடவில்லை. 2025 ஜூலை 29 அன்று சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்த்தது: வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால், அது வேலையில் நேர்ந்த விபத்தே. புதிய தொகுப்புச் சட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. நியாயம் கிடைத்தது; ஆனால் 22 ஆண்டு! அந்த வீட்டுப் பிள்ளைகள் நியாயம் வருமுன் வளர்ந்தே போயிருப்பார்கள். தனியாக நடந்த குடும்பத்துக்கு 22 ஆண்டு. சங்கம் பின்னால் நின்றால் இத்தனை காலம் இழுக்க எவருக்குத் துணிவு வரும்?

சாலையில் சாவு

சென்னையில் வண்டி மோதி இறந்தால் வழக்குப் போடும் இடம், ஐகோர்ட்டு வளாகத்துச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் உள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். இங்கே கணக்கு வேறு. அதே 30 வயது, அதே 15,000 வருமானம்; ஆட்டோ ஓட்டுகிற தோழர் என்று கொள்வோம். எதிர்கால முன்னேற்றத்துக்கென்று 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000, வருஷத்துக்கு 2,52,000. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் இருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிவு, மீதி 1,89,000. அந்த வயதுக்கு 17-ஆல் பெருக்கினால் 32,13,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு முதலியவை தனி. சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்த கணக்கு இது.

வேலையாக வண்டி ஓட்டும்போது இறந்தவர் குடும்பம், தொழிலாளர் அதிகாரியிடமும் போகலாம், இந்தத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். அவசரப்பட்டு ஒரு வாசலில் நுழையாதீர்கள். மேலே சொன்ன இரு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 15 லட்சமா, 32 லட்சமா? மோதியவர் தவறை நிரூபிக்க முடிந்தால் தீர்ப்பாயம் மேல். முடியாவிட்டால் தொழிலாளர் அதிகாரி மேல்.

"வீட்டில் இருந்த பெண்தானே, சம்பாத்தியம் ஏது?" என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்பார். வீட்டுவேலைக்கும் விலை உண்டு, அதையும் வருமானமாகவே கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாய் பெற வழி இருக்கிறது.

இங்கேதான் ஆளவந்தார்கள் செய்த கொடுமையைச் சொல்ல வேண்டும். 1994-ல், விபத்து வழக்குக்குக் காலக்கெடுவே வேண்டாம் என்று நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. 2019-ல் செய்த திருத்தத்தில் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு விட்டார்கள். யாருக்காக? துக்கம் ஆறாத விதவைக்காகவா, இன்சூரன்ஸ் கம்பெனிக்காகவா? இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் சென்றிருக்கின்றன. முடிவுக்குக் காத்திராதீர்கள்; ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

சர்க்காரே குற்றவாளி என்றால்?

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்கு வைத்த கட்சிக்காரரின் பேனர் ஒன்று சாய்ந்து, வண்டியில் போன 23 வயதுப் பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. மறுநாளே ஐகோர்ட்டு, இடைக்கால நஷ்டஈடாக 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சர்க்காருக்கு உத்தரவிட்டது. தவறு செய்த அதிகாரிகளிடமிருந்து அதை வசூலிக்கவும் சொன்னது. அது ஆளுங்கட்சிக்காரரின் பேனர் என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. நம் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறோம்: சாலை நடுவே தலைவர் படம் வைத்துத்தான் நம் கொள்கை வளர வேண்டும் என்பதில்லை. ஒரு தாயின் பிள்ளையைவிடப் பெரிய தலைவர் எந்தக் கட்சியிலும் இல்லை.

போலீஸ் காவலில் சாவு, மூடாத பள்ளம், மாநகராட்சிச் சுவர் இடிந்த சாவு — இவற்றில் குடும்பம் ஐகோர்ட்டுக்கு நேராக ரிட் மனுவில் போகலாம். ஒரிசாவில் மகனைக் காவலில் பறிகொடுத்த ஒரு தாய் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது கோர்ட்டு. 'அரசன் தவறு செய்யமாட்டான்' என்ற பழங்கதையை முறித்தது ஒரு தாயின் கடிதம்!

மாம்பலத்திலும் கிண்டியிலும் மின்சார ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் ரயில்வே தீர்ப்பாயம், தொகை 8 லட்சம், கெடு ஓராண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுந்தாலும் உண்டு. சடலத்தில் டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் தள்ளிவிட முடியாது என்பது 2018-ம் ஆண்டுத் தீர்ப்பு. பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் கவனக்குறைவால் இறந்தால் நுகர்வோர் ஆணையம், கெடு இரண்டாண்டு. எந்த வாசலிலும் சேராத சாவுக்கு 1855-ம் ஆண்டுச் சட்டம் இருக்கவே இருக்கிறது, சிவில் கோர்ட்டு, அதற்கும் கெடு இரண்டாண்டு.

கிரிமினல் கேஸ் இவை எல்லாவற்றுக்கும் தனி. அதிலே எதிரி விடுதலையானாலும் நஷ்டஈட்டு வழக்கு செத்துவிடாது. சிறைக்கு அனுப்பச் சந்தேகமற்ற சாட்சி வேண்டும். நஷ்டஈட்டுக்கு, எது நடந்திருக்கக்கூடும் என்ற அளவு போதும்.

தோழர்கள் செய்ய வேண்டியது

ஒரு தொழிலாளி இறந்தான் என்று செய்தி வந்தால், கிளைத் தோழர் மாலையோடு மட்டும் போகக் கூடாது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

குடும்பத்தார் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறதா, அதில் 'தானாக விழுந்தான்' என்று எழுதிவிடாமல் நடந்தது நடந்தபடி வருகிறதா என்று கவனியுங்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். வேலை நடந்த இடத்தைப் படம் எடுங்கள். மறுநாள் சாரமும் இருக்காது, சாட்சியும் இருக்காது. கூடவே வேலை செய்தவர்கள் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். கூலிக்குச் சீட்டு இல்லையா? செல்போனில் வந்த பணக் கணக்கு இருக்கும். மேஸ்திரியின் வருகை நோட்டு இருக்கும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுங்கள். நலவாரியத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். வாரியப் பணம் தனி.

ஆஸ்பத்திரி வாசலில் "பாதிக்குப் பாதி" என்று வக்காலத்து வாங்கும் தரகர்களை அண்டவிடாதீர்கள். நஷ்டஈட்டில் பங்கு பேசி வழக்கு எடுப்பது வக்கீல்களுக்கே தடை செய்யப்பட்டது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேளாமல் இலவச வக்கீல் தர வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு பேசும். லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் ஒன்றை மறவாதீர்கள்: அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே தலையை ஆட்டுங்கள்.

பணம் போன உயிரைக் கொண்டுவருமா என்று கேட்பார்கள். கொண்டுவராது. ஆனால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் காக்கும். விதவையைக் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்காமல் காக்கும். இன்னொன்றும் செய்யும். ஓர் உயிர் போனால் முப்பது லட்சம் போகும் என்று தெரிந்தால், முதலாளி முப்பதாயிரத்துக்குக் கயிறும் வலையும் வாங்கிக் கட்டுவார். சாவு மலிவாக இருக்கும் வரைதான் சாரம் சரியும், குழி விழுங்கும்.

சாவை மலிவாக்கும் பேரத்துக்கு இனி நம் தெருக்களில் இடம் கிடையாது. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்கள் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும். இந்தக் கெடுக்களை மன்றத்துச் சுவரில் எழுதிவைக்கட்டும். சாலைக்கு ஆறு மாதம், ரயிலுக்கு ஓராண்டு, வேலைக்கு இரண்டாண்டு. எழுதுங்கள் தோழர்களே, இன்றே எழுதுங்கள்!